மூன்று தரம் கழுவிய அரிசி

அரிசிச் சாக்கு ஒன்றின் வாயைப் பிரித்தால் ராத்தா மேலே கிடக்கும் அரிசியைப் பார்க்கவே மாட்டார். கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். கைக்குழந்தையின் உச்சந்தலையை மணந்து பார்க்கும் தாயின் முகம் அப்போது அவருக்கு வரும். முதல் தரம் அதைக் கண்டபோது நான் சிரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மேல கெடக்கிற அரிசி வெளிக் காத்தக் குடிச்சிரிக்கும் மிஸ். அடியில கெடக்கிறதுக்கிட்டத்தான் கேக்கணும்" என்றார். சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் பதினொரு வருடம் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் கிளறிய பெண் அவர். எந்த மழையில் நனைந்த நெல், எத்தனை நாள் மூட்டையில் கிடந்து புழுங்கியது, எல்லாவற்றையும் அந்த மூக்கு சொல்லிவிடும்.

நான் அப்போது வலயக் கல்வி அலுவலகத்தில் பாடசாலைப் போசாக்குத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். நாடு முழுவதும் வசதி குறைந்த பாடசாலைகளின் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒருவேளை உணவு கொடுக்கும் திட்டம் அது. கொழும்பில் எழுதும் உணவு அட்டவணை கல்முனைக்கு வந்து, எங்கள் மேசைகளைத் தாண்டி, கடைசியில் ஓர் ஊரின் ஒரு தாயுடைய அடுப்பில் போய் நிற்கும். அந்தத் தாய் யார் என்பதில்தான் முழுத் திட்டமும் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. ராத்தா சமைத்த பாடசாலை மாவடிப்பள்ளிப் பக்கம், வயல்வெளியின் ஓரத்தில், இரண்டு கட்டடங்களும் ஒரு குழாய்க் கிணறும் தகரம் போட்ட ஒரு சமையல் கொட்டிலுமாக இருந்தது. கூலிக்கு வயல் வெட்டப் போகிறவர்கள், ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், உம்மாமார் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் வீடுகள் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள். ராத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா; ஆனால் அவர் எனக்குச் சொந்தமில்லை. பாடசாலையில் அதிபர் முதல் முதலாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லோருக்கும் அவர் ராத்தா. எனக்கும் அப்படித்தான் ஆனார்.

கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் எனக்கு எதையும் சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமையைப் பற்றி அவர் சொன்னது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் ஒரு திங்கள் காலையில் போயிருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஓர் அகப்பை என்பதுதான் அளவு. அன்றைக்கு அவர் ஒவ்வொரு பீங்கானிலும் ஓர் அகப்பை போட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சிலருக்கு இன்னும் அரை அகப்பை போட்டார். ஏன் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழம பகல் போன புள்ள மிஸ். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஊட்டுல என்ன ஆக்கினாங்களோ ஆருக்குத் தெரியும்? கெதியா அள்ளித் திண்டா பசி. பைய்யப் பைய்யத் திண்டா அதவிடப் பசி. வகுறு சுருங்கிப் போயிரிக்கும்" என்றார். அதன் பிறகு எந்தப் பாடசாலைக்குத் திங்கட்கிழமை போனாலும் நான் பிள்ளைகளின் வாயைத்தான் பார்ப்பேன். சோற்றைப் பிசைந்து பிசைந்து, வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் வைத்திருக்கும் பிள்ளையைக் கண்டால் அந்த வீடு எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு நாடே வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதாக ஒவ்வொரு அதிபரும் சொன்னார். உணவு அட்டவணையிலிருந்து முதலில் முட்டை போனது, பிறகு நெத்தலி போனது, சோறும் பருப்பும் ஏதாவதொரு கீரைச் சுண்டலும் மிஞ்சின. அரிசியும் சில வாரங்கள் வரவில்லை. அப்படியொரு இடைவெளிக்குப் பிறகுதான் எங்கள் வலயத்துக்கு ஒரு லொறி அரிசி வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடசாலைகளுக்குப் பிரித்து இறக்கினார்கள். ஒரே நாளில் எல்லாப் பாடசாலைக்கும் அரிசி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். நான் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மகள் பாணும் சம்பலும் தின்று முடித்துக் கையைக்கூடத் துடைக்கவில்லை. தொலைபேசி அடித்தது. ராத்தா பேசினார்.

"மிஸ், இந்த அரிசி ஒரு மாதிரி மணக்கி."

"புழுங்கின மணமா ராத்தா?"

"இல்ல. புழுங்கின மணமெண்டா எனக்குத் தெரியும். பழைய அரிசி மணமுமில்ல. இது வேற. என்னெண்டு சொல்லத் தெரியல்ல. ரெண்டு சாக்குலயும் மணக்கி. நீங்க ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?"

என் ஸ்கூட்டரில் பெற்றோல் இல்லை. பெற்றோல் போட எனக்குரிய முறை புதன்கிழமைதான். பஸ்ஸில் போனால் அலுவலகத்துக்கு மத்தியானம்தான் வரமுடியும். அத்தோடு, மூன்று வாரமாகச் சோறு காணாத கொட்டில் அது, அன்றைக்குத் திங்கட்கிழமை, அன்றைக்கும் அடுப்பு மூட்டாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா, பிறகு யோசித்து அந்த நேரத்துக்குள் வைத்துக்கொண்டேனா என்பது எனக்கே இப்போது தெளிவில்லை. என் விரல்களுக்கிடையில் மகளின் முடி இருந்தது, அது மட்டும் நிச்சயம். நான் சொன்னேன்: "சாக்கு மணமா இரிக்கும் ராத்தா. மூணு தரம் நல்லாக் கழுவிப்போட்டு ஆக்குங்க. இண்டைக்கி வேற அரிசிக்கி எங்க போற?"

பின்னணியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நேரத்தோடே வந்து கொட்டிலைச் சுற்றி நிற்கத் தொடங்கியிருந்தார்கள். "சரி மிஸ்" என்றார்.

அவர் கழுவியது மூன்று தரமல்ல, ஏழு தரம் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழாய்க் கிணற்றடியில் குந்தியிருந்து கைகள் வெளிறும்வரை கழுவியதை ஓர் ஆசிரியை கண்டிருக்கிறார். பிறகு வேலியோரத்திலிருந்து சோறு மணக்கவென்று ஒரு கட்டு ரம்பை இலையை முறித்துக்கொண்டு வந்து உலையில் போட்டிருக்கிறார். பத்து மணிக்குப் பிள்ளைகள் தின்றார்கள். எல்லோருக்கும் ஒன்றரை அகப்பை. பதினொரு மணிக்கு முன்னால் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகளாகப் படுத்திருந்தார்கள். வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. கண்மணிகள் ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தன. விறாந்தை முழுக்கத் தாய்மார், ஒரு கையில் செருப்பு, மற்றக் கையில் பிள்ளையின் புத்தகப் பை. அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் அநேகமானவர்கள் தெளிந்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தெளியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை; அன்று கேட்டு வாங்கி அதிகம் தின்றவள். ஐந்து நாட்கள் அவள் மூச்சை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒவ்வொரு நாளும் போனேன். அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆளும் எட்டிப் பாக்கல்ல மிஸ், நீங்கதான் ஒவ்வொரு நாளும் வாறீங்க, அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யணும்" என்று அழுதார். அந்தக் கையை நான் விடுவிக்கவில்லை. ஆறாம் நாள் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த வார்டே சொன்னது. நானும் சொன்னேன். என் காலுக்குக் கீழே இருந்த தரை திரும்பவும் வந்ததுபோல இருந்தது. பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள், இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

விசாரணை அடுத்த வாரம் அதிபரின் அறையில் நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதிபர், எங்கள் அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி. குறிப்பெழுத நான். ராத்தா கறுப்பு அபாயாவை இஸ்திரி போட்டு உடுத்து வந்திருந்தார். கதிரையின் நுனியில்தான் இருந்தார்.

"அரிசியில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சதா?" என்று மேலதிகாரி கேட்டார்.

"ஓம். மணந்தது."

"தெரிஞ்சிக்கிட்டா ஆக்கினீங்க?"

ராத்தா தலையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேனையைப் பார்த்தார். எழுத்து நின்றுபோன பேனையை.

"புள்ளைகள் நிண்டாங்க" என்றார். பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "திங்கக்கெழம" என்றார்.

அவர்களுக்கு அது விளங்கவில்லை. அந்த அறையில் அதை விளங்கிய ஒரே ஆள் நான். தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விடயம். நான் குனிந்து எழுதினேன். 'அரிசியில் வித்தியாசமான மணம் இருப்பதை அறிந்திருந்தும் சமையலாளர் கவனக்குறைவாகச் சமைத்துள்ளார்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்காகவே குறிப்பெழுத என்னை வைப்பார்கள். அந்த வரியும் நன்றாகத்தான் இருந்தது. ராத்தா கீழே கையொப்பம் வைத்தார். அடுத்த தவணை அந்தக் கொட்டிலுக்கு வேறொரு தாய் வந்தார்.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மணந்த அரிசி என்பது ஒரு காரணமாக ஊருக்குப் போதவில்லை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஒரு மாதத்துக்குள் கதை உருவாகிவிட்டது: பருப்பு ஆணம் என்கிற குழம்புக்குள் பல்லி விழுந்து வெந்திருக்கிறது, ராத்தா அதை அகப்பையால் எடுத்து எறிந்துவிட்டுப் பரிமாறியிருக்கிறார். பல்லியைக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் நீளத்தைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ராத்தா காலையில் வீட்டில் இடியப்பம் அவித்து விற்பவர். அதை வாங்க ஆள் வருவது குறைந்து, பிறகு நின்றது. நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு பீங்கான் அனுப்பும் ஊர் அது. அவர் அனுப்பிய பீங்கான்கள் கழுவித் திரும்பி வந்தன. உள்ளே இருந்ததைக் கோழிகள் தின்றன. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்று சொல்வதுதான் சரி. அந்தப் பாடசாலைக்குப் போவதையே தவிர்த்தேன். போனால் யாராவது சமைக்கும் சோற்றில் ரம்பை மணக்கும். எங்கள் வீட்டிலும் ரம்பை போடுவதை நிறுத்தினேன். மகள் ஏன் என்று கேட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

அந்த அரிசியிலும் சாக்கிலும் எடுத்துப்போன மாதிரிகளின் பரிசோதனை முடிவு பல மாதங்கள் கழித்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள். அரிசியில் பூச்சிமருந்து கலந்திருந்தது. சாக்குத் துணியில் இன்னும் அதிகமாக. வயலுக்கு அடிக்கும் மருந்து ஏற்றிய லொறியில் அது சிந்தியிருக்க வேண்டும், அந்த லொறியிலேயே பிறகு அரிசியையும் ஏற்றியிருக்க வேண்டும், சிந்திய இடத்தில் கிடந்த இந்த இரண்டு சாக்குகளில் மட்டும் அது ஊறியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. சமைத்த பருப்பிலும் கீரையிலும் ஒன்றுமில்லை. சமையல் கொட்டிலில் சுத்தக்குறைவு எதுவும் காணப்படவில்லை. கடைசி வரியை நான் பலதரம் வாசித்தேன். அந்தத் தாள்களை மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவரல்ல. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "புள்ளைகள் சுகமாயிட்டாங்க. வேற ஆளும் போட்டாச்சி. இனி இதக் கிளறினா லொறியப் பத்திக் கேப்பாங்க, இறக்கின ஆளப் பத்திக் கேப்பாங்க, மறுகா ஒங்களுக்கிட்டயும் வருவாங்க. கோப்புல வைங்க." அவருக்குத் தொலைபேசி அழைப்பைப் பற்றித் தெரியுமா? இன்றுவரை நான் அறியேன். 'ஒங்களுக்கிட்டயும்' என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. கோப்பில் வைத்து நூலால் கட்டினேன்.

இரண்டு வருடங்கள். அந்த இரண்டு வருடங்களில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சமையல் தாய்மாருக்கு முன்னால் நின்று, 'அரிசியில் சிறு சந்தேகம் வந்தாலும் சமைக்க வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்' என்று பேசியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் தொலைபேசி அடித்தால் மட்டும், யாருடைய பெயர் அதில் தெரிந்தாலும், எடுக்கும்வரை என் காதுக்குள் அந்தப் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். இல்லாத சத்தம்தான். ஆனாலும் கேட்கும்.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் அந்தப் பாடசாலைக்குப் போகவேண்டி வந்தது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை பீங்கானை எட்டிப் பார்த்து அடம்பிடித்தது. பின்னால் நின்ற அக்காக்காரி அதைப் பயமுறுத்தினாள்: "திங்காட்டி பல்லி ராத்தா வந்து ஊட்டுவா." மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண்பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும். சம்பவம் நடந்தபோது அவள் பாடசாலைக்கே வந்திருக்கமாட்டாள். ராத்தாவை அவள் கண்டிருக்கக்கூட மாட்டாள். இருட்டில் வரும் பேயைப்போல ஒரு பெயராக ராத்தா அங்கே மிஞ்சியிருந்தார்.

அந்த வாரமே கோப்பை அவிழ்த்து இரண்டு தாள்களையும் பிரதி எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாட்கள். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. "வாங்க மகள்" என்றார். மிஸ் என்று சொல்லாததை நான் கவனித்தேன். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, நான் அதைக் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். பிறகு தாள்களை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

அவர் தாள்களையே பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசி வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத இன்னொருக்கா சொல்லுங்க."

"சமையல் கொட்டிலில் சுத்தக்குறைவு எதுவும் இல்லை."

"பல்லி?"

"பல்லி இல்ல ராத்தா. ஆணத்துல ஒண்டுமே இல்ல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோது கண்கள் காய்ந்திருந்தன. "என்ட சட்டிக்கி மூடி இல்லாம நான் ஒருநாளும் ஆக்கினல்ல" என்றார். "அரிசிய ஆக்கினது குத்தந்தான். அது என்ட குத்தம். ஆனா பல்லி..."

அப்போதுதான் நான் அழுதேன். தொலைபேசியில் நான் சொன்னதை, விசாரணையில் நான் வாய் திறக்காததை, அந்த வரியை எழுதியது என் கை என்பதை எல்லாம் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் சொன்னேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். உங்களைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று அவர் சொல்லவேண்டும் என உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஒங்களுக்காக நான் வாய மூடல்ல மகள். மணம் என்ட மூக்குக்குத்தான் தெரிஞ்சது. நீங்க ஃபோன்ல இரிந்தீங்க. ஃபோன்ல மணம் வராதே. எனக்கு ஏலாதெண்டு சொல்ல ஏலுமா இரிந்தது. நான் சொல்லல்ல. அந்தப் புள்ளைகள்ர மொகத்தப் பாத்துக்கிட்டு எனக்கு ஏலாமப் போயிட்டு." தேநீர்க் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "என்ட பங்க நான் வச்சிரிக்கன். ஒங்கட பங்க நீங்கதான் வச்சிரிக்கணும். அத நான் எடுக்க ஏலா."

அதில் கோபமே இருக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "இத ஸ்கூல்ல தாய்மாருக்கு வாசிப்பீங்களா? பல்லி இல்லெண்டு மட்டும் சொன்னாப் போதும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்பம் ராத்தா" என்றேன். எனக்கு அப்போது பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை வரவிருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்தது. பிறகு தவணைப் பரீட்சை. பிறகு மேலதிகாரி ஓய்வுபெறட்டும், அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று ஒரு நியாயம். காரணங்கள் எனக்குக் குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டே இருந்தன.

மாரி மழை பிடித்து, வயல்களில் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு காலையில் அந்தப் பாடசாலை ஆசிரியை அழைத்தார். "நம்மட ராத்தா மௌத்தாப் போயிட்டா மிஸ். சுபஹுத் தொழுகைக்கு எழும்பி வுழூச் செய்யப் போன ஆள், கிணத்தடியிலயே விழுந்திட்டா." நான் போனேன். மையத்து வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் சட்டி சட்டியாகச் சோறு கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா. என் பக்கத்தில் வந்திருந்த ஒரு பெண், நான் யார் என்று தெரியாமல், மெல்லச் சொன்னார்: "மிச்சம் நல்ல மனிசி. அந்தப் பல்லி விசயம் ஒண்டு மட்டும் இல்லாட்டி." மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். உள்ளே ராத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கைப்பையில் அந்த இரண்டு தாள்களும் இருந்தன. ஆறு மாதமாக அதற்குள்ளேயே இருந்தன. அப்போதும் நான் எடுக்கவில்லை.

புது வருடத்தின் முதல் பெற்றோர் கூட்டத்தில்தான் எடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதிபர் உணவுத் திட்டத்தைப் பற்றி நான் வழமையாகப் பேசுவதைப் பேசப்போகிறேன் என்று நினைத்து ஒலிவாங்கியைத் தந்தார். தாள்களை வாசித்தேன். பாதித் தாய்மார் புதியவர்கள். எதைப்பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல்லி இல்லை என்ற இடம் வந்தபோது மட்டும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அந்தப் பல்லியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த உம்மா. "இது எப்ப வந்த தாள் மிஸ்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்க இவ்வளவு நாளும் எங்க இரிந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்கிப் பதில் சொன்னேன். மூன்று தரம் கழுவச் சொன்னது, எழுதிய வரி, கட்டிவைத்த கோப்பு. முடித்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தன் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை வளர்ந்திருந்தாள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போனது. கழிப்பறைக் கதவு பற்றிப் பேசினார்கள். எனக்கு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது பிறகு. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் முடிவு என்னவானாலும் அதற்கு நான் பயப்படவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொன்று. அன்றைக்கு நான் வெளியே வந்தபோது பாடசாலைக் கேற்றடியில் ராத்தாவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறாள். திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருந்தாலும் வெள்ளிக்கிழமைகளில் உம்மா வீட்டுக்கு வந்துபோனவள், மகனை முதலாம் வகுப்பில் சேர்க்க வந்தவள். உம்மாவின் கண்கள் அப்படியே அவளுக்கு.

"உம்மாக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம். நான் வாசிச்சுக் காட்டினன்."

"எப்ப?"

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு."

அவள் வாய்க்குள் மாதங்களைச் சொல்லிக்கொண்டாள். பிறகு தெருவைப் பார்த்தபடி பேசினாள். "எங்களுக்கிட்ட ஒண்டுமே சொல்லல்ல. ஆனா ஹஜ்ஜுக்குப் பொறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசலக் கூட்டி, தண்ணி தெளிச்சி, கதிரைய விறாந்தையில எடுத்துப் போடுவா. தேத்தண்ணிக்கித் தண்ணி சுட வெப்பா. ஆரும்மா வாற எண்டு கேட்டா, ஒரு ஆள் வாறெண்டிரிக்காங்க எண்டுதான் சொல்லுவா. அசர் தொழுது முடிஞ்சாப் பொறகு கதிரைய உள்ளுக்க எடுத்து வெப்பா. வயசு போகுது, மறதி வருது எண்டு நாங்க நினைச்ச."

அந்த நிமிடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் வீட்டுப் படலையைச் சாத்தும்போது, பாப்பம் என்ற சொல் எனக்கே கூச்சமாக இருந்ததால், சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தேன்: வெள்ளிக்கிழமை அரைநாள்தானே ராத்தா, ஒரு வெள்ளிக்கிழமை வந்து முடிவு சொல்றன் என்று. சொல்லி ஸ்கூட்டரை எடுத்ததோடு அதை மறந்துவிட்டேன்.

"மழை பெஞ்ச வெள்ளிக்கும் கூட்டினாவா?" என்று கேட்டேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் யோசித்துப் பார்த்தாள். "மழை விட்டதும் கூட்டுவா" என்றாள்.